அக்கரையில் அம்மா வீடு: கனடாவிலிருந்து அமெரிக்காவுக்கு வாழ்க்கைப்படுவது

பஃபலோ நகரத்தின் மேற்குப் பக்கம் நயாகரா ஆற்றங்கரையில் நின்றால் எதிரே தெரிவது கனடா. ஃபோர்ட் ஈரி என்ற சின்ன ஊர். இரண்டு கரைகளையும் இணைக்கும் பீஸ் பிரிட்ஜ் 1927இல் திறந்த பாலம். பார்டரில் கூட்டம் இல்லையென்றால் சில நிமிடத்தில் அடுத்த நாட்டுக்குள் போய்விடலாம். அங்கிருந்து டொராண்டோ இரண்டு மணி நேரப் பயணத்துக்குள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் டொராண்டோவின் ஸ்கார்பரோவில் வளர்ந்தவள். அமெரிக்கர் ஒருவரைக் கல்யாணம் செய்து பஃபலோவுக்கு வந்தாள். வந்தபின் ஏழெட்டு மாதம் அவள் அந்தப் பாலத்தில் ஏறவில்லை. ஏறியிருந்தால் அவளுடைய கிரீன் கார்டு விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கணக்காகியிருக்கும். கே-1 என்கிற வருங்காலத் துணைக்கான விசாவில் வருபவர்கள் 90 நாளுக்குள் மணம் முடித்து, பிறகு உள்ளேயிருந்தே நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வெளியே போய்வர 'அட்வான்ஸ் பரோல்' என்ற முன் அனுமதி தேவை. அந்த அனுமதியும் தனியாக விண்ணப்பித்து, காத்திருந்து வாங்குவது. வேலை பார்க்கும் அனுமதியும் அப்படித்தான்.

அந்த மாதங்களில்தான் டொராண்டோவில் அவளுடைய அம்மம்மா காலமானார். அவசர அனுமதி கேட்க வழி உண்டு. ஆனால் நம் வீடுகளில் இறுதிச் சடங்கு எத்தனை நாள் காத்திருக்கும்? போனை மேஜையில் சாய்த்து வைத்துப் பார்த்தாளாம். என்னிடம் சொன்னது இதுதான்: "அக்கா, நான் வேற நாட்டுக்கு வந்திட்டன் எண்டு ஒருத்தரும் நினைக்கேல்லை. பக்கத்திலதானே, வந்திட்டுப் போவன் எண்டுதான் எல்லாரும் சொன்னவை."

கனடாவிலிருந்து அமெரிக்காவுக்கு வாழ்க்கைப்பட்டு வருபவர்களின் சிரமம் முழுக்க அந்தப் 'பக்கத்திலதானே'யில் இருக்கிறது. சென்னையிலிருந்தோ மணிலாவிலிருந்தோ வருபவரை ஊரே புலம்பெயர்ந்தவராகப் பார்க்கும், சாமான் வாங்கக் கூட்டிப்போகும், 'பழகிடும்மா' என்று ஆறுதல் சொல்லும். கனடாவிலிருந்து வந்தவருக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. அதே மொழி, அதே டிவி நிகழ்ச்சி, ஏறக்குறைய அதே சூப்பர் மார்க்கெட். பழகிக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். ஆனால் சட்டம் அவரை வேறு எந்த நாட்டு மனைவியையும் கணவனையும் போலத்தான் நடத்துகிறது. இந்த இடைவெளி எப்படி வந்தது என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

1855இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. அமெரிக்கக் குடிமகனை மணந்த வெளிநாட்டுப் பெண், குடியுரிமை பெறத் தகுதியுள்ளவளாக இருந்தால், அந்தக் கல்யாணத்தாலேயே அமெரிக்கக் குடிமகள் ஆகிவிடுவாள். விண்ணப்பம், இன்டர்வியூ எதுவும் கிடையாது. அந்தக் காலச் சட்டம் யார் தகுதியுள்ளவர் என்பதை நிறம் பார்த்து முடிவு செய்தது என்பதையும் மறக்க வேண்டாம். 1907 சட்டம் இதன் மறுபக்கத்தைக் காட்டியது: வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்தாள். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான், மனைவிக்குத் தனி நாடு கிடையாது என்ற எண்ணம். கனடாவிலும் அப்போது அதே நிலைதான். பிரிட்டிஷ் பிரஜையாக இருந்த பெண் வெளிநாட்டவரை மணந்தால் அந்த அந்தஸ்து போய்விடும்.

1922இல் கேபிள் சட்டம் வந்து, மணமான பெண்ணின் குடியுரிமையைப் பெரும்பாலும் கணவனிடமிருந்து பிரித்தது. பெண்களுக்கு அது பெரிய வெற்றி, வாக்குரிமை கிடைத்து இரண்டு வருடத்தில் வந்தது. ஆனால் அதிலிருந்து கல்யாணம் என்பது குடியுரிமையைத் தராமல், விண்ணப்பிக்கும் தகுதியை மட்டும் தருவதாக மாறியது. அப்போதும் கனடியர்களுக்கு நெருக்கடி இல்லை. 1924ஆம் ஆண்டுச் சட்டம் உலகத்துக்கெல்லாம் ஒதுக்கீடு வைத்தபோது, கனடா உட்பட மேற்கு அரைக்கோளத்து, அதாவது அமெரிக்கக் கண்டங்களின் நாடுகளில் பிறந்தவர்களுக்கு எண்ணிக்கை வரம்பு வைக்கவில்லை. 1968 ஜூலையில்தான் அந்தப் பகுதிக்கும் ஆண்டுக்கு 1,20,000 என்ற வரம்பு வந்தது. குடிமகனின் துணை இந்த வரம்புக்குள் வரமாட்டார், இன்றைக்கும் அதுதான் நிலை. ஆனால் 'கனடா என்றால் தனி' என்ற காலம் அதோடு முடிந்தது. தாத்தா காலத்துக் கதையை நினைவில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் 'பக்கத்திலதானே' என்கிறார்கள்.

ஒரே ஒரு கூட்டத்துக்கு மட்டும் கதவு இன்னும் திறந்திருக்கிறது. கனடாவில் பிறந்து, பூர்வகுடி இரத்தம் குறைந்தது பாதியாவது உள்ளவர்கள், 1794ஆம் ஆண்டின் ஜே உடன்படிக்கையிலிருந்து வந்த உரிமையின்படி அமெரிக்காவில் தங்கலாம், வேலை பார்க்கலாம். எல்லைக்கோடு அவர்களுக்குப் பின்னால் வந்தது என்பதை அமெரிக்கச் சட்டம் ஒப்புக்கொள்ளும் அபூர்வமான இடம் இது.

சரி, மற்றவர்களுக்கு வழி என்ன? குடிமகனை ஏற்கெனவே மணந்துவிட்டவர் என்றால், அமெரிக்கத் துணை ஐ-130 என்ற மனுவைப் போட வேண்டும். அது தேறியதும் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே கட்டணம், சான்றிதழ்கள், கனடாவின் மத்திய போலீஸான ஆர்சிஎம்பி தரும் கைரேகை அடிப்படையிலான சான்று, ஸ்பான்சரின் வருமான உறுதிமொழி எல்லாம் சேர வேண்டும். பிறகு மருத்துவப் பரிசோதனை, கடைசியாக இன்டர்வியூ. எல்லாம் முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆவது சாதாரணம். கனடா முழுவதற்கும் குடியேற்ற விசா இன்டர்வியூ நடக்கும் இடம் ஒன்றே ஒன்று, மான்ட்ரியாலில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம். வான்கூவரில் இருப்பவருக்கு அமெரிக்க எல்லை காரில் ஒரு மணி நேரத்துக்குள். சியாட்டிலில் இருக்கும் கணவனிடம் போய்ச் சேர அவர் முதலில் கிழக்கே சுமார் ஐந்து மணி நேரம் விமானத்தில் பறந்து, பிரெஞ்சு பேசும் நகரத்தில் அறையெடுத்துத் தங்கி, சில நிமிட இன்டர்வியூவை முடித்துத் திரும்ப வேண்டும்.

விசா கிடைத்த பிறகு நடப்பது இன்னும் விசித்திரம். டொராண்டோ பியர்சன் விமான நிலையத்துக்குள்ளேயே அமெரிக்க அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த முன் சோதனை ஏற்பாடு முதன்முதலில் தொடங்கியதே டொராண்டோவில்தான், 1952இல். அதனால் அங்கிருந்து விமானம் ஏறுபவர் கனடா மண்ணில் நின்றபடியே அமெரிக்காவின் நிரந்தரவாசி ஆகிறார். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவின் மேல் ஒரு முத்திரை விழும். கார்டு தபாலில் வரும்வரை, ஒரு வருடத்துக்கு அதுதான் கிரீன் கார்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா நின்று கையசைத்துக்கொண்டிருப்பார்.

வேறு ஒரு வழியிலும் நிறையப் பேர் வருகிறார்கள். இருவருமே கனடியர்கள், ஒருவருக்கு அமெரிக்காவில் வேலை. 1994இல் நாஃப்டா என்ற வட அமெரிக்க வணிக ஒப்பந்தத்தோடு வந்த டிஎன் என்ற வேலை அந்தஸ்து, இன்ஜினீயர், கணக்காளர், நர்ஸ் போன்ற பட்டியலிட்ட தொழில்களில் இருப்பவர்களுக்கு எல்லையிலேயே கிடைத்துவிடும். ஆனால் கூட வரும் துணைக்குக் கிடைக்கும் டிடி அந்தஸ்தில் வேலை பார்க்க அனுமதி இல்லை. படிக்கலாம், அவ்வளவுதான். நிறுவனத்துக்குள்ளேயே மாற்றலாகி எல்-1 விசாவில் வருபவரின் துணைக்கு வேலை செய்யும் உரிமை இருக்கிறது. எச்-1பி வேலையில் இருப்பவரின் துணைக்கும் 2015 முதல் சில நிபந்தனைகளோடு உண்டு. டிடிக்கு மட்டும் எதுவும் இல்லை. டொராண்டோவில் பத்து வருடம் வேலை பார்த்தவர் ஒரே இரவில் வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார். கிளம்புவதற்கு முன் தம்பதிகள் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இது. பின்னால் வருபவர் தன் சொந்தத் தொழிலிலேயே டிஎன்னுக்குத் தகுதி பெறுவாரா? பெறுவார் என்றால் வேலை ஒன்றைத் தேடிக்கொண்டு அந்த வழியிலேயே வருவது நல்லது. சம்பளப் பேச்சு, வீட்டு வாடகை எல்லாம் முடிந்த பிறகு இதைக் கண்டுபிடித்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2013 வரை இன்னொரு சாராருக்கு எந்த வழியுமே இல்லை. கனடா 2005 ஜூலையில் நாடு முழுவதும் ஒருபாலினத் திருமணத்தை ஏற்றுக்கொண்டது. அமெரிக்க மத்திய அரசு அதைக் கல்யாணமாகவே கணக்கில் எடுக்கவில்லை. அமெரிக்கக் குடிமகன் தன் கனடியக் கணவனுக்காக ஐ-130 போட முடியாது. அதனால் அமெரிக்கர்கள்தான் வடக்கே குடிபெயர்ந்தார்கள். 2013 ஜூன் 26 அன்று விண்ட்சர் என்பவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்த பிறகே அந்தக் கதவு திறந்தது.

வந்து சேர்ந்த பிறகு என்ன நடக்கிறது? முதலில் அடிபடுவது பெயர். கனடாவில் பதினைந்து வருடம் கிரெடிட் கார்டு பாக்கி வைக்காமல் கட்டியவர், அமெரிக்காவில் கடன் வரலாறே இல்லாதவர். அங்கே அவருடைய கடன் வரலாற்றைக் குறித்து வைத்திருந்த ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற அதே நிறுவனங்கள் இங்கேயும் இருக்கின்றன, ஆனால் அந்தக் கோப்பு தானாக எல்லை தாண்டி வருவதில்லை. சோஷியல் செக்யூரிட்டி எண் வர வேண்டும், அதற்குப் பிறகு வைப்புத்தொகை கட்டி ஒரு சின்ன கார்டு வாங்கி, மாதாமாதம் கட்டி மறுபடி முதலிலிருந்து. அதுவரை வீட்டு வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், போன் எல்லாம் துணையின் பெயரில். வேலையிலும் இதுதான். நர்ஸ்களுக்குக் கொஞ்சம் பரவாயில்லை, கனடாவின் பெரும்பாலான மாகாணங்கள் 2015 முதல் அமெரிக்காவில் உள்ள அதே என்கிளெக்ஸ் தேர்வைத்தான் வைக்கின்றன. ஆனாலும் லைசென்ஸ் தருவது அந்தந்த மாநிலம்தான். ஆசிரியர்கள் தாங்கள் போகும் மாநிலத்தின் சான்றிதழை வாங்கியாக வேண்டும்.

என் பஃபலோ தோழி டொராண்டோவில் ஒரு அலுவலகத்தில் எட்டுப் பேரை நிர்வகித்தவள். இங்கே வந்தபின் நூலக அட்டை வாங்கப் போனபோது முகவரிச் சான்று கேட்டார்கள், அவள் பெயரில் ஒரு காகிதம்கூட இல்லை. கணவர் வந்து கையெழுத்துப் போட்டார். சின்ன விஷயம்தான். அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. 1855இல் எழுதிய சட்டம் 1922இல் போய்விட்டது, ஆனால் மனைவி என்பவள் இன்னொருவரின் கோப்பில் ஒரு பக்கம் என்ற ஏற்பாடு இன்னும் முழுதாகப் போகவில்லை என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். கணவனாக வருபவருக்கும் இதே நிலைதான், ஆண்கள் அதைப் பற்றிப் பேசுவது இன்னும் குறைவு.

மருத்துவம் பெரிய அதிர்ச்சி. ஒன்டாரியோவில் ஓஹிப் என்ற மாகாண மருத்துவக் காப்பீட்டு அட்டையை நீட்டினால் டாக்டரிடம் பணப் பேச்சு வராது. 1962இல் சஸ்காட்செவனில் தொடங்கி, 1984ஆம் ஆண்டுக் கனடா சுகாதாரச் சட்டத்தில் உறுதியான முறை அது. அங்கே வளர்ந்தவருக்கு வைத்தியத்துக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்றே புரியாது. அமெரிக்காவில் வேலைதான் இன்சூரன்ஸ். மாதத் தவணை கட்டிய பிறகும், குறிப்பிட்ட தொகை வரை முதலில் நாமே கட்ட வேண்டிய டிடக்டிபிள், ஒவ்வொரு முறையும் நம் பங்காகக் கட்டும் கோபே, அந்த டாக்டர் நம் இன்சூரன்ஸின் நெட்வொர்க்கில் இருக்கிறாரா என்ற கேள்வி. தோழிக்கு முதல் பரிசோதனை முடிந்து ஒரு கடிதம் வந்தது. அதில் நானூற்றுச் சொச்சம் டாலர், கீழே இன்னொரு தொகை, அதற்குக் கீழே வேறொன்று. பயந்துபோய் வங்கிக் கணக்கைத் திறந்துவிட்டாள். மேலே பொடி எழுத்தில் 'இது பில் அல்ல' என்று இருந்ததைப் பிறகுதான் பார்த்தோம். இன்சூரன்ஸ் எவ்வளவு ஏற்றுக்கொண்டது என்று தெரிவிக்கும் தாள் அது. உண்மையான பில் வேறு இடத்திலிருந்து, வேறு தேதியில், வேறு தொகையோடு வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஒரு டாலரும் கட்டாதீர்கள். கல்யாணமானதும் துணையின் அலுவலக இன்சூரன்ஸில் சேர்க்கச் சொல்லிக் கேட்கும் கெடு பொதுவாக 30 நாள்தான், அதைத் தவறவிட்டால் அடுத்த சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க வேண்டிவரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைப்பேறு வந்தால் வித்தியாசம் இன்னும் வலிக்கும். கனடாவில் வேலைக் காப்புறுதித் திட்டத்தில் தாய்க்கு 15 வாரம், அப்புறம் பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ள 40 வாரம் வரை உதவித்தொகையோடு கிடைக்கிறது. அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தருவது 12 வாரம், சம்பளம் இல்லாமல். அதுவும் 50 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஒரு வருடம் வேலை பார்த்திருந்தால்தான். நியூயார்க், கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் சம்பளத்தோடு விடுப்புத் தருகின்றன. எந்த மாநிலத்துக்கு வாழ்க்கைப்படுகிறோம் என்பது இங்கே அவ்வளவு முக்கியம். கனடாவில் இருக்கும் அக்காவோ தங்கையோ ஒரு வருடம் குழந்தையோடு வீட்டில் இருப்பதை வீடியோ காலில் பார்த்துக்கொண்டே, பன்னிரண்டாவது வாரம் டே கேரில் குழந்தையைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவார் இவர்.

வரி விஷயத்தில் பலரும் தெரியாமலே தப்புச் செய்கிறார்கள். கனடாவின் ஆர்ஆர்எஸ்பி ஓய்வுச் சேமிப்பை இரு நாட்டு ஒப்பந்தம் பாதுகாக்கிறது, எடுக்கும்வரை அமெரிக்காவும் வரி கேட்காது. ஆனால் 2009இல் கனடா கொண்டுவந்த டிஎஃப்எஸ்ஏ என்ற சேமிப்புக் கணக்கு, பெயரிலேயே 'வரியில்லா' என்று இருந்தாலும், அமெரிக்காவுக்குச் சாதாரணக் கணக்குதான். அதில் வரும் வட்டிக்கும் லாபத்துக்கும் இங்கே வரி உண்டு. வெளிநாட்டுக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் தனி அறிக்கை கொடுக்க வேண்டும். நம் வீடுகளில் இது எங்கே இடிக்கும் என்றால், அம்மாவின் வங்கிக் கணக்கில் மகளின் பெயரையும் சேர்த்து வைத்திருப்போம், ஒரு அவசரத்துக்கு என்று. அந்தப் பணம் முழுக்க அம்மாவுடையதுதான், மகள் ஒரு காசு எடுத்ததில்லை. இருந்தாலும் அந்தக் கணக்கும் அறிக்கையில் வர வேண்டும். அபராதம் 10,000 டாலருக்கு மேல் போகலாம். இரண்டு பக்கமும் தெரிந்த கணக்காளர் ஒருவரிடம் கிளம்பும் முன்பே ஒருமுறை உட்கார்ந்து பேசுவது நல்லது, ஏனென்றால் கனடாவை விட்டுக் கிளம்பும் நாளில் சில சொத்துகளை விற்றதாகவே கருதிக் கனடாவும் ஒரு வரி கேட்கும்.

சின்னச் சின்ன வித்தியாசங்கள் தாமே பழகிவிடும். பாரன்ஹீட், மைல், அக்டோபரின் இரண்டாம் திங்களுக்குப் பதில் நவம்பரின் நான்காம் வியாழனில் வரும் தேங்க்ஸ்கிவிங். பள்ளியில் துப்பாக்கிக்காரன் வந்தால் எப்படி ஒளிவது என்று குழந்தைகளுக்கு ஒத்திகை நடத்துவது மட்டும் பழகாது. அது பழகவும் கூடாது.

இன்னொன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகுமுன் நிரந்தரவாசி ஆனவருக்குக் கிடைப்பது இரண்டு வருட நிபந்தனைக் கார்டு. 1986ஆம் ஆண்டில் போலித் திருமணத்தைத் தடுக்கவென்று வந்த சட்டம் இது. கார்டு முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டு, உண்மையாகச் சேர்ந்து வாழ்கிறோம் என்று காட்ட வேண்டும். நல்ல கல்யாணத்தில் இது வெறும் காகித வேலை. கெட்ட கல்யாணத்தில் கணவனின் கையெழுத்து ஒரு ஆயுதம். 'நான் கையெழுத்துப் போடமாட்டேன், உன்னை அனுப்பிவிடுவேன்' என்ற ஒரு வரியில் எத்தனையோ பேர் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார்கள். அது உண்மையில்லை என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். துன்புறுத்தப்பட்டவரும், உண்மையாக மணந்து பின் விவாகரத்தானவரும் துணையின் கையெழுத்து இல்லாமலே நிபந்தனையை நீக்கக் கேட்கலாம். மனுவே போடாமல் மிரட்டும் துணையிடமிருந்து தப்ப, 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி துன்புறுத்தப்பட்டவர் தானே மனுப்போடலாம். ஆண்களுக்கும் இது பொருந்தும். துணை ஸ்பான்சராகக் கையெழுத்திட்ட ஐ-864 என்ற வருமான உறுதிமொழியும் விவாகரத்தோடு முடிவதில்லை. குடியேறி வந்தவர் குடியுரிமை பெறும் வரை, அல்லது சுமார் பத்து வருட வேலைக் கணக்கு சேரும் வரை, அல்லது நாட்டை விட்டே போகும் வரை அது நிற்கும்.

நிரந்தரவாசியாகி மூன்று வருடம் குடிமகனான துணையோடு சேர்ந்து வாழ்ந்தவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், மற்றவர்களுக்கு ஐந்து. உறுதிமொழியில் பழைய நாட்டின் மீதுள்ள பற்றைத் துறப்பதாகச் சொல்ல வேண்டியிருப்பதால் பலர் தயங்குகிறார்கள். கனடா 1977 முதல் இன்னொரு குடியுரிமை வாங்கியதற்காகத் தன் குடியுரிமையைப் பறிப்பதில்லை. பிறகு விரும்பினால் திரும்பிப் போகலாம், அம்மாவுக்கு முடியாமல் போனால் ஆறு மாதமோ ஒரு வருடமோ கூடவே இருக்கலாம். கிரீன் கார்டு வைத்துக்கொண்டு அப்படி இருந்தால் கார்டுக்கே ஆபத்து. வயதான பெற்றோரை அக்கரையில் விட்டு வந்தவர்களுக்கு நான் குடியுரிமையைச் சொல்வது இந்தக் காரணத்துக்காகத்தான்.

தோழி இந்த வருடம் அந்த விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறாள். நாட்டை விட்டு 24 மணி நேரத்துக்கு மேல் வெளியே போன ஒவ்வொரு பயணத்தையும் எழுதச் சொல்கிறது படிவம். அவளுக்கோ மாதம் இரண்டு சனி ஞாயிறு. நல்லவேளை, ஒரு கோடுபோட்ட நோட்டில் முதலிலிருந்தே குறித்து வைத்திருந்தாள். தேதிக்குப் பக்கத்தில் அவளுக்காக ஒரு சொல். 'அம்மாவுக்குக் காய்ச்சல்.' 'தம்பியின்ர கலியாணம்.' 'சும்மா.' முதல் பக்கத்தில், அனுமதி கைக்கு வந்தபின் பாலம் ஏறிய முதல் நாளுக்கு நேராக, 'அம்மம்மாவின்ர படம்' என்று இருந்தது. என்ன இது என்று கேட்டேன். "மாலை போட்டு வச்சிருந்தவை அக்கா. அதைப் பார்க்கத்தான் போனனான்" என்றாள். பிறகு படிவத்தின் கட்டத்தில் போன தேதி, வந்த தேதி, நாடு கனடா என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.